மாவுச்சத்து

அரிசித் தட்டு அவள் கையில் இருந்தது.

கூடத்தில் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றிக் கட்டிய துணியைப் பங்காளி வீட்டுப் பெரியவர் கொஞ்சம் தளர்த்தினார். வாய் ஒரு விரல் அளவு திறந்தது.

"மொதல்ல நீ போடு அம்மிணி."

அவள் போடவில்லை.

இரண்டு வருடம் நான்கு மாதம். ஒரு பருக்கை அந்த வாய்க்குள் போனதில்லை. இட்லி இல்லை, தோசை இல்லை, ஒரு முறுக்கு கூட இல்லை. பழனியிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மனிதர்.

வாய்க்கரிசி என்று இப்போது வந்து நிற்கிறார்கள்.

வாசல் பந்தலில் அவருடைய டயட் குழுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேர். விடிந்ததும் பவானியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மாலை, கூடப் பிறந்த தம்பி போட்ட மாலையைவிடப் பெரியது.

சோறும் மாவும் தொடாமல் கொழுப்பைத் தின்றே சர்க்கரையை இறக்குகிறவர்களின் வாட்ஸ்அப் குழு; பெயர் 'கொழுப்பே துணை'. பெயரைக் கேட்டு அவள் சிரித்ததற்கு அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அலமாரி மேல் அவருடைய போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. காலையில் எடுத்துப் பார்த்தாள். ஒருவர் கைகூப்பிய படம் போட்டிருந்தார். அதற்கு அடுத்தவர் தன் தட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். மூன்று முட்டை, நூறு கிராம் பனீர், இது சரியா அண்ணா என்று ஒரு கேள்வி.

பதில் சொல்கிற அண்ணன் மூக்கில் பஞ்சோடு கிடந்தார்.

அவர்தான் எல்லோருக்கும் பதில் சொல்வார். திருப்பூரில் யாரோ ஒரு பனியன் கம்பெனிக்காரருக்கு மலச்சிக்கல் என்றால் இவருக்குத் தூக்கம் வராது. கரூரில் ஒரு டீச்சருக்கு ஊறவைத்த பாதாம் எத்தனை என்று எண்ணிச் சொல்வார். கட்டினவளைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. அவர் முன்னால் சோறு போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு, அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரசம் சோறு தின்றாள். தன் வீட்டிலேயே திருடி மாதிரி.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். சர்க்கரை இறங்கியது. மாத்திரை பாதியானது. மனிதர் இருபத்தொரு கிலோ குறைந்து, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். பெருமையாகத்தான் இருந்தது.

நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

சற்று முன்னால் ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்டது. குழுவின் அட்மின் ஜெயவேலு. வயதில் இளையவன்தான், ஆனால் கணவருக்கு இவன் 'தலைவர்'.

"மனுசன் ஒளிச்சு ஒளிச்சுச் சோறு தின்னிருக்காருங்க. நம்ம டயட்டுல ஒழுங்கா இருக்கறவருக்கு இப்பிடி ஆகுமாங்க?"

சுற்றி மற்ற பத்துப் பேர் இருந்தார்கள். இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

திருட்டுத் தீனிக்காரர். உடம்பை வீட்டில் வைத்திருக்கும்போதே பட்டம் கட்டியாயிற்று.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

போன தை மாதம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, ஒரு வாய் உருட்டி நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. போனைத் திறந்தார். அவள் கையையும் உருண்டையையும் படம் பிடித்துக் குழுவில் போட்டார்.

'தலைவரே, வீட்டில் ஆசையாக ஊட்டுகிறார்கள். ஒரே ஒரு வாய். சாப்பிடலாமா?'

பதில் வரும்வரை அவள் கையை நீட்டியபடி நின்றாள்.

யார் யாரோ பார்த்தார்கள். சிரிப்புப் படம் போட்டார்கள். அக்காவை நம்பாதீர்கள் என்று ஒருத்தி எழுதினாள். கடைசியில் ஜெயவேலு எழுதினான். 'வேண்டாம் அண்ணா. ஒரு வாயில்தான் எல்லாம் கெடும்.'

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விலக்கினார். சிரித்துக்கொண்டேதான் விலக்கினார்.

உருண்டையைத் தெரு நாய்க்கு வைத்தாள்.

"நேரமாகுது அம்மிணி," என்றார் பெரியவர்.

அவள் தட்டோடு எழுந்தாள். உடம்பின் பக்கம் போகாமல் வாசலுக்கு நடந்தாள். நாத்தனார் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். உதறிவிட்டுப் பந்தலுக்குள் போய் ஜெயவேலுவின் எதிரில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டிய கன்னம். மடிப்புக் கலையாத சட்டை.

"உள்ள வாங்க தம்பி. நீங்க போடுங்க."

அவன் தட்டைப் பார்த்தான்.

"நான் எதுக்குங்க அக்கா? சொந்தக்காரங்க இருக்கறப்ப..."

"நாங்க குடுத்தா வாங்க மாட்டாருங்க. நீங்க சொன்னாத்தான் சாப்பிடுவாரு."

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவன் உள்ளே வந்தான். வராமல் முடியாது, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நுனி விரலால் நாலு மணி அரிசி எடுத்தான். குனிந்தான். இரண்டு மணி உள்ளே விழுந்தது. ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டது. ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

நிமிர்ந்து கைக்குட்டையைத் தேடினான்.

அவள் தட்டை நகர்த்தவில்லை.

"மூணு வாட்டி போடோணும் தம்பி. கை நெறைய அள்ளுங்க."