ஐந்தாம் மாடி மணிக்கயிறு

நகரத்தின் முதல் குடியிருப்பு ஹோட்டல் என்று பெயரெடுத்த அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டிலும் சமையலறை கிடையாது. மணிக்கயிற்றை இழுத்தால் கீழே சமையல்கட்டில் மணி அடிக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு தட்டு, சுவருக்குள் ஏறிவரும் பெட்டியில் வந்து நிற்கும். ஐந்தாம் மாடியில் தனியாகக் குடியிருந்த எஸ்தர் டீச்சருக்கு ஒரு வாரமாக இரண்டு தட்டு வந்தது.

பெட்டி வரும் பொந்துக்குள் தலையை நீட்டி, "வையாபுரி, நான் ஒரு தடவைதானே இழுத்தேன்?" என்றாள்.

"ரெண்டு தடவை அடிச்சுதே டீச்சர்," என்று கீழிருந்து சமையல்காரரின் குரல் வந்தது. "விருந்தாளி வந்திருக்காங்கன்னு நினைச்சேன். ரெண்டு தட்டும் காலியாத்தானே திரும்பி வருது?"

இரண்டாவது தட்டை அவள் கை படாமல் அப்படியேதான் இறக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் அவள் கயிற்றை இழுக்கவே இல்லை. அதன் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கயிறு கொஞ்சமும் அசையவில்லை. ஆனாலும் பெட்டி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே வந்தது. உள்ளே ஒரே ஒரு தட்டு. அது அவளுடையது இல்லை.

அவள் அதை எடுத்து மேஜையின் எதிர்ப்பக்கம் வைத்தாள். பிறகு அங்கிருந்த நாற்காலியை, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள்.