நாற்பத்தொரு தப்பு

"சத்தம் மட்டும் வேண்டாம் சாவாஸ். கருவி அது பாட்டுக்குத் தப்பை எழுதிக்கிட்டா போதும்."

மெக்கானிக் சாவாஸ் காருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினான். "என்னய்யா சொல்றே? ஓட்டறவர் கோட்டைத் தாண்டினா கத்தணும். முன்னாடி போற வண்டியை நெருங்கினா கத்தணும். அதுக்குத்தானே இது? குரைக்காத காவல் நாயை வச்சு என்ன பண்ண?"

"கத்தினா அப்பா உஷாராயிடுவார். ஒரு மாசம் அவர் நிஜமா எப்படி ஓட்டறார்னு எனக்குத் தெரியணும்" என்றான் ஃபோட்டிஸ்.

இருபத்துமூன்று வருஷத்துக் கார் அது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பருக்குள் ஒரு ரேடார், வேகமும் இண்டிகேட்டரும் அதற்குத் தெரிவதற்காக இரண்டு வயர். அரை நாள் வேலை. "கிழவிக்குப் புதுசா காது குத்தின மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சாவாஸ் ஒலியை நிறுத்தினான்.

ஃபோட்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மினாஸுக்கு எழுபத்தெட்டு வயது. போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் அவர் வயதுக்காரர் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, ரொட்டிக் கடைக்குள் காரோடு போய் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கமில்லை. அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும். ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது?

அம்மா எவந்தியா ஏதென்ஸுக்கு வெளியே, மலையடிவாரத்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். மறதி நோய். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. நர்ஸ் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள், மினாஸ் போய் ஸ்பூனை நீட்டினால் மட்டும் சாப்பிடுவாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சூப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார்.

கருவியைப் பெயர் நாள் பரிசு என்று சொல்லித்தான் ஃபோட்டிஸ் கொடுத்தான். நவம்பர் பதினொன்று, அவர் பெயர் கொண்ட புனித மினாஸின் திருநாள். வாழ்த்த வந்தவர்களுக்கெல்லாம் கேக் கொடுத்தபடி, "என் பிள்ளை என் காருக்குக் கண்ணு வாங்கிக் கொடுத்திருக்கான்" என்று கிழவர் பெருமையடித்துக்கொண்டார். ஃபோட்டிஸுக்கு முள் தைத்த மாதிரி இருந்தது.

ஒரு மாதம் கழித்து, கருவி எழுதி வைத்திருந்ததையெல்லாம் சாவாஸ் இரண்டு தாளில் எடுத்துக் கொடுத்தான். "நாப்பத்தோரு தப்பு! உங்கப்பா கண்ணைக் கட்டிக்கிட்டா ஓட்டறார்?"

ஃபோட்டிஸ் அடியில் இருந்த கூட்டுத்தொகைகளை மட்டும்தான் பார்த்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அப்பாவின் வீட்டுக்குப் போனான்.

மினாஸ் அடுப்பருகே நின்று சூப்பில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம் உக்காருங்க."

"உங்கம்மாவுக்கு நேரமாச்சு. நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லு."

"அந்தக் கேமரா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு. இண்டிகேட்டர் போடாம கோட்டைத் தாண்டினது பதினெட்டு தடவை. முன்னாடி வண்டியை இடிக்கிற மாதிரி நெருங்கினது இருபத்துமூணு."

மினாஸ் கையிலிருந்த எலுமிச்சை மூடியைக் கீழே வைத்தார். "அது ஒரு தடவைகூடக் கத்தலையே?"

"நான்தான் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன்."

"பெத்த அப்பனையே வேவு பாத்தியா?"

"பயந்துட்டேம்பா. ரோட்டுல குழந்தைங்க நடக்குது. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

அப்பா கத்துவார், கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்றுதான் அவன் எதிர்பார்த்திருந்தான். அவரோ நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"ஜாக்கிரதையாத்தான் போறேன்னு நெனச்சேன். நாப்பத்தொண்ணா?" சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எடுத்துக்கோ. யாரோ ஒருத்தர் வீட்டுல இழவு விழ நான் காரணமா இருக்கக் கூடாது." பிறகு சூப் பாத்திரத்தைப் பார்த்தார். "அவளுக்கு யாருடா ஊட்டுவா?"

"டாக்சி வச்சுக்கலாம்பா."

"தினமுமா?"

ஃபோட்டிஸ் அடுப்பை அணைத்தான்.

"அந்தத் தாளையாவது கொடு" என்றார் மினாஸ். "எங்கே தப்புப் பண்ணினேன்னு பாத்துட்டாவது விட்டுடறேன்."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாக விரலை வைத்துப் படித்தார். முதல் தாள் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மறுபடி முதல் தாளுக்கு வந்தார்.

"பன்னெண்டு, பதினாலு, பதினெட்டு, இருபது, இருபத்திரெண்டு..." நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "எல்லாமே ரெட்டைப்படைத் தேதி. காலையில எட்டு மணி, இல்லேன்னா மத்தியானம் மூணு மணி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒண்ணுகூட இல்ல."

ஃபோட்டிஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துத் தேதிகளைப் பார்த்தான்.

"உன் ஒத்தைப்படை நம்பர் காரை ரெட்டைப்படைத் தேதியில ஊர் நடுவுல விடமாட்டாங்கன்னு, அந்த நாள்ல எல்லாம் என் காரை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போறது யாருடா?" என்று கேட்ட மினாஸ், மேஜைமேல் இருந்த தன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மகனிடம் இருந்த இன்னொரு சாவிக்காகக் கையை நீட்டினார்.