அவசர பேட்ச்

சர்வரின் ஓட்டையை அடைக்க மாதாமாதம் வரும் பேட்ச் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும். இன்று காலை வந்ததோ, திருடன் வாசலுக்கே வந்துவிட்டான் என்று தெரிந்து பூட்டை மாற்றுகிற அவசர ரகம். ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைக் கவனிக்கும் அவள் பதறியடித்து அதைப் போட்டு, சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். வார்டுகளுக்குச் சொல்லவே இல்லை. அவர்கள் பதிந்துகொண்டிருந்ததெல்லாம் போயிருக்கும்.

சொல்கிற வேலை பக்கத்து சீட் அண்ணனுடையது. "சேவ் பண்ணிடுங்க, புண்ணியமாப் போகும்" என்று வார்டு வார்டாக போனில் கெஞ்சிவிட்டுத்தான் சர்வரைத் தொட அவளை விடுவார். அவர் இறந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கக் குழந்தைகள் வார்டுக்கு ஓடினாள். அங்கிருந்த புது நர்ஸ் சிரித்தாள்.

"ஒண்ணும் போகலக்கா. உங்க ரூம்லேருந்து ஒருத்தர் போன் பண்ணாரே. சேவ் பண்ணிடுங்க, புண்ணியமாப் போகும்னார். எல்லா வார்டுக்கும் சொல்லிட்டாராம்."

"வேற என்ன சொன்னார்?"

"இது அவசர பேட்ச், தங்கச்சி பதட்டத்துல மறந்துடும், திட்டாதீங்கன்னார். நீங்க இன்னும் சாப்பிடலையாமே."

அவள் அறைக்குத் திரும்பினாள். அண்ணனின் மேசையில் போன் இல்லை. அதைக் கழற்றி எடுத்துப்போய் வெகுநாளாகிறது. வயர் மட்டும் சுவரோரம் சுருண்டு கிடந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அவர் இருந்தபோது செய்ததுபோலவே பாதிச் சாப்பாட்டை மூடியில் எடுத்து அந்த மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தாள்.