பேசி வைத்த விலை

காலின் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்சூரன்ஸ் மதிப்பை ஏற்றித் தரச்சொல்லி அவர் மனைவி ரேவின் கேட்டுவிட்டார். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, ஏறக்குறைய இரண்டு மடங்கு.

டிமாரு என்ற அந்தக் கடலோர ஊரின் பழைய கார் சங்கத்தில் அன்று இதே பேச்சுதான். டீக் கோப்பையோடு சங்க உறுப்பினர் மரே ஆரம்பித்து வைத்தார்.

"இத்தனை வருஷத்துல அந்தம்மா ஒரு ஞாயித்துக்கிழமைகூட நம்ம கூட வந்ததில்லை. அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. இப்ப மட்டும் என்ன திடீர்ப் பாசம்? பாத்துக்கிட்டே இரு நெவில், ஒரு நாள் ஷெட்டோட எரிஞ்சுபோச்சுன்னு வந்து நிக்கும்."

 நெவிலுக்கும் அதே சந்தேகம்தான். பழைய கார் என்றால் சங்கத்தின் மதிப்பீட்டாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது. அந்த மதிப்பீட்டாளர் நெவில்தான்.

காரைத் தொட்டாலே அதன் வயசைச் சொல்லிவிடுவாரே தவிர, அவருக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ஞாயிறுதோறும் சங்கத்துக் கார்கள் வரிசையாக ஊர் சுற்றப் போகும்போது, காலினோடு அவருடைய பச்சை ட்ரையம்ஃப் காரில்தான் போவார். காலின் போனதோடு அதுவும் போயிற்று. மற்றவர்களின் காரில் பக்கத்து சீட்டில் அவரவர் மனைவி. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் இடமில்லை. மனைவி பெரில் இறந்து வருஷக்கணக்காகிவிட்ட வீட்டில், ஞாயிற்றுக்கிழமையானால் நெவில் ரேடியோவைப் போட்டுவிட்டு, தோய்த்த சட்டையையே மறுபடி தோய்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் ரேவின் வீட்டுக்குப் போனார். சீஸ் போட்டுச் சுட்ட ஸ்கோன் ரொட்டியைச் சூடாக வைத்தார் ரேவின். நெவில் அதைத் தொடவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். சந்தை மதிப்பு என்றால் கார் அடிபட்ட பிறகு கம்பெனி சொல்வதுதான் விலை. ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் இப்போதே இரண்டு தரப்பும் ஒரு தொகையைப் பேசி முடிவு செய்துகொள்வது. தொகை ஏற ஏற, வருஷா வருஷம் கட்டும் பணமும் ஏறும் என்று சொல்லிவிட்டு, ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டிக்கு அது வீண் செலவு என்றார்.

"லேசா எங்கேயாவது இடிச்சுட்டா?" என்று கேட்டார் ரேவின்.

நெவில் நிமிர்ந்து பார்த்தார். மதிப்பு குறைவாக இருந்தால் ரிப்பேர் செலவே அதைத் தாண்டிவிடும், கம்பெனி பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு காரை எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார். மதிப்பு உயர்வாக இருந்தால் ரிப்பேர் செய்து கொடுத்துவிடுவார்கள்.

"அப்ப உசந்ததே இருக்கட்டும்."

ஷெட்டைத் திறந்ததும் நெவிலுக்குச் சுருக்கென்றது. முன்பக்க மட்கார்டில் நீளமாக ஒரு கீறல். புதுசு. பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இது எப்படி ஆச்சு?"

"வாசல் கம்பத்துல உரசிட்டேன்" என்றார் ரேவின். "தினமும் காலைல துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் பழகிட்டு இருக்கேன். கிளட்ச் இன்னும் கால்ல நிக்க மாட்டேங்குது. இன்னும் நாலஞ்சு இடத்துல இடிப்பேன் நெவில், எனக்கே தெரியுது. இடிச்சா சரி பண்ணித் தரட்டும். காரை எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கையில குடுத்துட்டா நான் எதுல வர்றது?"

"எங்க வர்றது?"

"உங்க கூடத்தான், ஞாயித்துக்கிழமை. முன்னெல்லாம் அந்த ஒரு நாள்தான் வீட்டுல தனியா இருப்பேன். இப்ப எல்லா நாளும் அப்படியே இருக்கு."

நெவில் பேனாவை எடுத்து மறுபடி சட்டைப்பைக்குள் போட்டார். கடைசியில் மனதில் இருந்ததைச் சொல்லியே விட்டார். "உங்களுக்கு இந்தக் காரே பிடிக்காதுன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சுட்டு இருந்தோம்."

"பிடிக்காதா?" ரேவின் சிரித்தார். "வாங்கின புதுசுல நாங்க ரெண்டு பேரும் கடலோரமா போகாத ரோடு கிடையாது. சங்கமெல்லாம் அப்புறம்தானே."

"பின்ன ஏன் நிறுத்திட்டீங்க?"

ரேவின் ஸ்வெட்டர் கையால் அந்தக் கீறலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெரில் போன அந்தக் குளிர்காலத்துல, ஞாயித்துக்கிழமையானா நீங்க வீட்டுக் கதவைக்கூடத் திறக்கிறதில்லைன்னு சொன்னாங்க. இதுல இருக்கிறதே ரெண்டு சீட்டு. என்னோடதை உங்களுக்குக் குடுத்துடச் சொல்லி காலின்கிட்ட நான்தான் சொன்னேன்."