காகிதக் கூழ் முகம்

"ஏ முத்துப்பேச்சி, எங்கன கிளம்பிட்டே?"

பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். முத்துப்பேச்சி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சினிமாவுக்குக்கா."

"இன்னைக்குமா? அதே படத்துக்கா?"

"இன்னையோட கடைசிக்கா. நாளைக்குப் படத்தை மாத்துறாக."

பஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் புருசன் காளிராஜ் பட்டாசுக் கம்பெனித் தீயில் போய் இன்னும் இரண்டு மாதம்கூட முடியவில்லை. வயிற்றில் பிள்ளை வேறு. வெம்பக்கோட்டைக் கொட்டகைக்கு அந்த ராஜா ராணிப் படம் வந்ததிலிருந்து, பொழுது சாய்ந்தால் போதும், தரை டிக்கெட் மணலில் போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

அந்தப் படத்தால் ஊரே கைவேலையில் இறங்கியிருந்தது உண்மைதான். பிள்ளைகள் தீப்பெட்டி அட்டையில் கிரீடம் வெட்டின. பஞ்சம்மாளே ராணியின் மாலையைப் பார்த்துப் பாசிமணி கோத்துப் போட்டிருந்தாள்.

அதற்காகத் தாலியறுத்தவளுமா?

"தெருவே காறித் துப்புது. இன்னைக்கு நீ இந்தப் படியைத் தாண்டிரு, பாப்போம்! அது சரி, உள்ள என்னடி வெந்தய வாடை? காகிதத்தோட வெந்தயம் அரைச்சுக் கூடை செய்யுறியாக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

கவிழ்த்துவைத்த பானையின் மேல், அரைத்த காகிதக் கூழில் ஓர் ஆண்முகம். ஈரம் காயவில்லை. முறுக்கு மீசை வேறு.

"அடிப்பாவி! அந்த ராசா வேசக்காரன் மூஞ்சியையா செஞ்சு வச்சிருக்கே? காளிராஜ் நெஞ்சு வேகுமாடி?"

"ராசா இல்லக்கா. அரமனை வாசல்ல வேல்கம்போட நிக்கிற காவக்காரன்."

"எந்தக் காவக்காரன்?"

இரண்டு தரம் பார்த்த படம். பஞ்சம்மாளுக்கு அப்படி ஒருத்தன் நினைவிலேயே இல்லை.

"ராசாவுக்குக் கதவு திறந்து விடுவானே, அவன்தான். ஒரு பேச்சுக் கிடையாது. சட்டுனு போயிருவான். ஆனா நெத்தி, மூக்கு, அம்புட்டும் அவுக சாடைக்கா."

பஞ்சம்மாள் அந்த முகத்தை மறுபடி பார்த்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட ஒரு போட்டோ எடுக்கலை. நாளைக்குப் பிள்ளை, அப்பன் எப்படி இருப்பாருன்னு கேட்டா எதைக் காட்ட? நானே கண்ணை மூடுனா, கம்பெனியில கட்டிக் கொண்டாந்த சாக்குதான் தெரியுது."

கொட்டகையில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். முத்துப்பேச்சி பதறினாள்.

"வழி விடுங்கக்கா. வாய்தான் சரியா அமையலை. அந்த ஆளு சிரிக்கவே மாட்டேங்கான். இன்னைக்காவது சிரிச்சிர மாட்டானா?"

பஞ்சம்மாள் பானையருகே குத்தவைத்து உட்கார்ந்தாள். கழுத்து மணியை முந்தானைக்குள் தள்ளினாள். ஈரக் கூழின் இடது கன்னத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அமுக்கினாள்.

"காளிராஜ் சிரிச்சா இங்கன குழி விழும், தாயி."