பலகைக்கு அந்தப் பக்கம்

"பயப்படாதே கண்ணு, நான் இங்கதான் இருக்கேன்" என்று மருந்து அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்த டிரைவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

அந்த அறைக்குள் இருந்தது மண்சரிவில் தப்பிப் பிழைத்த ஆறு வயதுப் பெண் குழந்தை மட்டும்தான். அதன் தாயை மண்ணிலிருந்து எடுத்து, முகத்தைத் தார்ப்பாயால் மூடியவரே இந்த டிரைவர்தான். அவள் குரலை அவர் கேட்டதில்லை, மண் அடைத்த வாயைத்தான் பார்த்திருந்தார். ஆனாலும் இது அவள்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.

நிவாரண முகாமில் வேலை பார்க்கும் பெண்கள் என்று பார்த்தால் இரண்டே பேர். நர்ஸம்மா ஊசிப் பெட்டியோடு மேட்டுக் குடிசைகளுக்குப் போயிருந்தார். சமையல் அக்காவுக்குப் பேச்சு வராது. சட்டியில் கரண்டியால் ஓங்கித் தட்டினால் சாப்பாடு, மெல்லத் தட்டினால் உப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டிரைவர் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். பகலிலேயே பனி ஜன்னலை அடைத்து நின்றது. குழந்தை மேஜைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேஜை மேல் முகாமின் பழைய லேப்டாப். பாதி எழுத்துகள் உதிர்ந்துபோய், பல் போன வாய் மாதிரி அது இளித்துக்கொண்டிருந்தது.

"நீ எங்க போன?" என்று கேட்டது குழந்தை.

"எங்கயும் போகல. நீதான் கஞ்சியைத் தொடவே இல்ல. அப்படியே இருக்கு பாரு."

கஞ்சி அப்படியேதான் இருந்தது. ஊட்டப் போன நர்ஸம்மாவின் கையைக் கடித்து வைத்த குழந்தை, இப்போது கிண்ணத்தை எடுத்துச் சமர்த்தாகக் குடிக்க ஆரம்பித்தது.

அவர் கேனைப் போட்டுவிட்டுக் கூரைக்கு ஓடினார். அங்கே ஒயர்மேன் சூரியத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, முதல்ல அந்தப் பெட்டிய நிறுத்து!"

"ஏண்ணே, சார்ஜ் போகுதா?"

"உசுரு போகுதுடா! உள்ள பொம்பளக் குரல் பேசுது."

ஒயர்மேன் சிரித்தான். "அதுவா? எழுத்தைத் தட்டினா வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள்ண்ணே. ஊர் பேர் தெரியாத ஆளுங்க எழுதி, யார் வேணா எடுத்துக்கங்க, எப்படி வேணா மாத்திக்கங்கன்னு விட்டது. புதுசு எதுவும் ஏறாத இந்த ஓட்டைப் பெட்டியிலகூட ஓடும்."

"சும்மா குடுத்ததோட பேயையும் சேத்துக் குடுத்துட்டாங்களா? குரல் யாரோடது?"

"ஒரு அக்காவோடது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து வரி வரியாப் படிச்சுக் குடுத்தாங்க. நான்தான் பதிஞ்சு, அதுல ஏத்தினேன்."

"அப்புறம்?"

ஒயர்மேனின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அதுக்கு மேல கேக்காதீங்கண்ணே. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

அப்புறம் என்ன, போய்ச் சேர்ந்திருப்பாள். செத்த ஒருத்தியின் குரலில் செத்த இன்னொருத்தி வந்து பேசுகிறாள் என்று டிரைவர் முடிவே கட்டிவிட்டார்.

"சரி, தட்டினாத்தானே பேசும்? உள்ள ஆளே இல்லையே. யாரு தட்டுறா?"

ஒயர்மேன் தகட்டின் மேல் குனிந்துகொண்டான். மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

"நாளைக்கு விடிஞ்சா நாம கிளம்பறோம்" என்றார் டிரைவர். "பெட்டி நம்மகூட அடுத்த மலைக்குப் போயிடும், பிள்ளை காப்பகத்துக்குப் போயிடும். ஒருதரம் தாயைப் பறிகுடுத்தது பத்தாதா? இன்னும் ஒட்டிக்கிறதுக்கு முன்னால நானே அணைச்சிடறேன்."

அறைக்குள் அவர் தலையைக் கண்டதும் குழந்தை மேஜைக்கடியில் இன்னும் உள்ளே சுருண்டுகொண்டது. கிண்ணம் காலி. டிரைவர் சாமியை நினைத்துக்கொண்டு லேப்டாப்பின் பொத்தானை நோக்கி விரலை நீட்டினார்.

"அண்ணே, அணைச்சிடாதீங்க" என்றது குரல்.

நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது. எங்கிருந்துதான் அவருக்கு அவ்வளவு வேகம் வந்ததோ, அடுத்த நொடி பக்கத்துச் சமையல்கட்டில் நின்றார். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்புதான். அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் சமையல் அக்கா அரிசி மூட்டை மேல், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா! அது என்னையே கூப்பிடுதுக்கா! அண்ணேன்னு கூப்பிடுது!"

அக்கா மெல்லத் திரும்பினார். எப்போதும் கழுத்தைச் சுற்றியிருக்கும் துண்டு தோளில் கிடந்தது. தொண்டைக்குழியில் காசளவுக்கு ஓர் ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. மடியில் ஒயரில்லாத கீபோர்டு ஒன்று.

இத்தனை முகாம் ஒன்றாகப் போயும், இந்த அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அக்கா பலகை இடுக்கு வழியாகக் குழந்தையை ஒருமுறை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பிள்ளைய என்கிட்ட விட்டுடுங்கண்ணே."