வானத்தைப் பார்த்துக் கூவிய சேவல்

கிறிஸ்தவக் கோவிலில் ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்காகச் செம்பன் என்ற சேவலையும் தெபோராள் என்ற ஆட்டையும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரே கயிற்றால் மரத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே மசாலா அரைக்கும் சத்தம் கேட்கக் கேட்கச் செம்பன் காலை உதறி உதறிப் பார்த்தான். வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, நீர் எங்கே இருக்கிறீர்?" என்று தொண்டை கிழியக் கூவினான்.

தெபோராளோ கீழே கிடந்த பூவரச இலையைக் கடித்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முணுமுணுத்தாள்.

"மத்தியானம் குழம்பாகப் போறோம், இலைக்கு நன்றி சொல்றியேக்கா!"

"இலை நல்லாத்தானே இருக்கு தம்பி. அவரும் பக்கத்துலதான் இருக்கார். நீ ஏன் அவ்வளவு உசரத்துல தேடுறே?"

செம்பனுக்கு எரிச்சல்தான் வந்தது. மறுபடியும் வானத்தைப் பார்த்துக் கூவினான்.

இலை தீர்ந்ததும் தெபோராள் வாய்க்கு எட்டிய கயிற்றை மெல்லத் தொடங்கினாள். "நாராத்தான் இருக்கு, ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று மென்றுகொண்டே இருந்தாள். திடீரென்று செம்பனின் கால் லேசானது. மரத்தோடு கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது!

இருவரும் ஒரே ஓட்டமாக வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். செம்பனுக்கு நன்றி நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. சிறகை அடித்து, கழுத்தை நீட்டி, "ஸ்தோ..." என்று ஆரம்பித்தான்.

"மெதுவாடா!" என்று பதறினாள் தெபோராள். "ஆண்டவருக்கு முணுமுணுத்தாலே கேட்கும். நீ கூவினா சமையல்காரருக்கும் கேட்டுரும்!"